ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர்

அன்னூர்,
ஐப்பசி, திங்கட்கிழமை.

பிரியமுள்ள மாப்பிள்ளை அப்புசாமி அவர்களுக்கு, உங்கள் அக்காள் சின்னாத்தாளைக் கட்டிய மருதாசலம் வணக்கத்துடன் எழுதுவது. திருச்செங்கோட்டில் நீங்களும், தங்கச்சியும், மருமகன் நிதீஷும், போர் போடும் உங்கள் ரிக் வண்டிகளும் குறைவில்லாமல் இருக்க சென்னிமலையாண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மாடு கன்று, தென்னை, உங்கள் அக்காள் ஆகியோர் சுகம். நான் சுகமில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ரிக் வண்டியை ஓடவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று 'ஆங்? ஆங்?' என்பீர்கள். நான் கத்த வேண்டியிருக்கும். தீவுக்குப் போய் வந்ததிலிருந்து எனக்குக் கத்த வரவில்லை. கத்தினால் யாருக்கோ கேட்டுவிடும் என்று தோன்றுகிறது. யாருக்கு என்று கேட்காதீர்கள், தெரிந்தால் சொல்லமாட்டேனா?

என்னை அங்கே அனுப்பி வைத்தது நீங்கள்தான் என்பதை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். "மச்சான், மோகனப்பிரியாவைக் கையோட கூட்டிட்டு வந்துபோடுங்க. தை மாசத்துல நிதீசுக்குக் கட்டி வெச்சரலாம். சுற்றுலா படிச்சுப்போட்டு எந்த ஊருலயோ போயி லாட்ஜு நடத்தறதெல்லாம் நம்ம பொண்ணுகளுக்கு ஆகறதில்லீங்க" என்று என் வீட்டு நடையில் நின்று சொன்னீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஒரே மகள், கடலுக்கு நடுவில், பெயர் சொன்னால் வாயில் நுழையாத ஒரு தீவு நாட்டில் என்ன வேலை? ஆனால் வெறுங்கையோடு போக முடியுமா? அதனால் பவானி ஜமுக்காளம் ஒன்றை எடுத்து, அதற்குள் ஒரு எச்.பி. தண்ணீர் மோட்டாரைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி எடுத்துப்போனேன். கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் ஜமுக்காளத்தைப் பிரித்துப் பார்த்த அதிகாரி, "என்னங்க பெரியவரே இது?" என்றார். "மோட்டாருங்க. பொண்ணுக்குச் சீரு" என்றேன். அவர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், கடைசியில் வந்தவருக்குப் பொள்ளாச்சியாம். "விடுங்கப்பா, எங்கூர்ல இது சகஜம்" என்று சொல்லி அவர்தான் அனுப்பி வைத்தார்.

விமானம், அப்புறம் சின்ன விமானம், அப்புறம் படகு. படகு கிட்டப் போகும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது மாப்பிள்ளை. ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, துறையில் ஆட்கள் நிற்கிறார்கள், சத்தம் இல்லை. ரேடியோ இல்லை, நாய் இல்லை, ஒருவரும் உரக்கப் பேசுவதில்லை. அன்னூர்ச் சந்தையில் பிறந்து வளர்ந்தவனுக்கு எப்படி இருக்கும்? காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. மோகனப்பிரியா ஓடி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கறுத்துப் போயிருந்தாள், ஆனால் முகம் நன்றாக இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முகம் வாடியிருந்தால் அப்போதே படகைத் திருப்பியிருப்பேன்.

அவள் நடத்தும் விடுதி அவளுடையது அல்ல. ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டியது, இவள் நிர்வாகம். மொத்தமே ஆறு அறை. "இத்தனை தூரத்துக்கு வந்து ஆறு ரூமா கண்ணு? இன்னம் இருவது ரூம் இழுத்துக் கட்டுனா என்ன?" என்றேன். அதற்கு அவள், "எத்தனை பேரு வரலாமுங்கறத நானோ நீங்களோ சொல்ல முடியாதுங்கப்பா. கெணறுதான் சொல்லோணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி எனக்குப் படவில்லை. வருகிறவர்கள் ஊர்க்காரர் பிடித்த மீனைத்தான் சாப்பிட வேண்டுமாம், ஊர்ப் படகில்தான் போக வேண்டுமாம், கொண்டுவந்த பிளாஸ்டிக் குப்பையைத் தங்கள் பையிலேயே திரும்ப எடுத்துப்போக வேண்டுமாம். அந்த வருமானத்தில்தான் ஊருக்கு ஒரு நர்ஸ் வந்திருக்கிறார், தலைநகரத்துக்குப் பிழைக்கப் போயிருந்த பையன்கள் குடும்பத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள். நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பன் வந்திருக்கிறேன், எனக்குக் குளிக்க ஒரே ஒரு பக்கெட் தண்ணீரை வைத்துவிட்டு, "இது இன்னிக்கு முழுசுக்குமுங்கப்பா" என்றாளே, அதை எங்கே போய்ச் சொல்ல? நம் வீட்டில் டிராக்டர் கழுவவே அதற்குமேல் ஊற்றுகிறோம்.

ஆகவே மத்தியானம் எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் இருக்கும்போது, விடுதிக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் நானே சேந்தி, தலைக்கு ஊற்றிக்கொண்டேன். சாயங்காலம் வேர்த்தது, மறுபடி ஊற்றிக்கொண்டேன். ஒருவரும் பார்க்கவில்லை, என் குலசாமி மேல் சத்தியம். கொஞ்ச நேரத்தில் ஊரின் மறுகோடியிலிருந்து ஆமினா என்ற பெண் வந்தாள். விடுதிக்குச் சமைத்துப் போடுகிறவள், நம் சின்னாத்தாளைவிட இளையவள். என்னைப் பார்த்துவிட்டு மோகனப்பிரியாவிடம் அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள். "என்ன சொல்றா?" என்றேன். "நீங்க ரெண்டு தடவை குளிச்சுப்போட்டீங்களாமா" என்றாள் என் மகள். நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைகள் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டின. மீன் கொண்டுவந்தவர் இரண்டு விரலைக் காட்டினார். பள்ளிவாசலிலிருந்து வந்த ஒரு பெரியவர், மரியாதையானவர், சலாம் சொல்லிவிட்டு அவரும் இரண்டு விரலைக் காட்டினார். யாருக்கும் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மோகனப்பிரியா விளக்கினாள். அந்தத் தீவு முழுக்க மணல். பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீருக்கு மேல், காய்ச்சின பாலில் ஆடை படிகிற மாதிரி மெல்லிசாக மிதக்கிறதாம். வீட்டுக்கு வீடு கிணறு இருந்தாலும் தண்ணீர் ஒன்றுதான். இங்கே ஒருவன் அள்ளினால் அங்கே ஒருத்திக்கு நாக்கில் தெரியும். "அதெப்படிங் கண்ணு தெரியும்?" என்றேன். "எனக்கே தெரியுதுங்கப்பா இப்பவெல்லாம்" என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் நான் கிணற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயில், மழை இல்லை, சேந்துவார் இல்லை. தண்ணீர் தானாக மேலே ஏறியது. ஒரு சாண் ஏறியது, நின்றது, மறுபடி இறங்கியது. நான் "அடே!" என்று கத்திவிட்டேன். கடல் ஏறி இறங்குகிறபோது கிணறும் ஏறி இறங்கும், அவ்வளவுதான் என்று அப்புறம் சொன்னார்கள். அவ்வளவுதானாம்! நம் கிணறுகள் ஐம்பது வருஷமாக இறங்குவதை மட்டும்தான் பார்த்திருக்கிறோம், மூச்சு விடும் கிணற்றை நீங்கள் பார்த்ததுண்டா? பிறகு பையிலிருந்த தேங்காயை எடுத்து, நம் பக்கத்தில் நீரோட்டம் பார்ப்பது போல உள்ளங்கையில் படுக்க வைத்து நடந்து பார்த்தேன். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் அடியிலேயே எழுந்து நின்றது. நகர்ந்தேன், நின்றது. தீவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், நின்றபடியே வந்தது. கையைக் கவிழ்த்துக் கீழே போட்டபிறகுதான் படுத்தது.

மனசு சரியில்லாமல் இருக்கவே, எதிரில் தெரிந்த இன்னொரு குட்டித் தீவுக்குப் படகுக்காரரிடம் சொல்லிப் போனேன். அங்கே ஒரு பெரிய ரிசார்ட் இருக்கிறது என்று சொன்னார்கள், மூடிவிட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் பாஷை எனக்குப் புரியவில்லை. துறையில் இஸ்திரி போட்ட உடுப்பில் ஒருவர் தட்டும் கையுமாக நின்றிருந்தார். தட்டில் மடித்த ஈரத் துண்டு. "வாங்க சார், பயணம் சௌரியமா இருந்துதுங்களா?" என்றார், அச்சு அசல் கோயமுத்தூர்த் தமிழில். பெயர் நிஜாம், சொந்த ஊர் நம் கோயமுத்தூர்க் கரும்புக்கடைப் பக்கம். எனக்கு ஒரே சந்தோஷம். துண்டை வாங்கி முகத்தில் ஒற்றினேன். கரித்தது.

உள்ளே கூட்டிப்போனார். மேசை மேசையாகத் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது, டம்ளர்களில் மணல். அறை அறையாகக் கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை, உப்பு பாளம் பாளமாக நின்றது. குழாய்களின் வாயில் உப்பு வளர்ந்து மூடியிருந்தது. தோப்பைப் பார்த்ததும்தான் எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை, நானும் தென்னை வைத்திருப்பவன். அத்தனை மரமும் கொண்டையில்லாமல் வரிசையாக நின்றது. பட்ட மரம் சாயவும் இல்லை. "என்ன ஆச்சுங்க நிஜாம்?" என்றேன். "ஏராளமா ஆளுங்க வந்தாங்க சார். ஒவ்வொரு ரூமுக்கும் குளிக்கத் தொட்டி வெச்சிருந்தாங்க. மொதல்ல டீ கரிச்சுச்சுங்க. யாரும் கண்டுக்கலீங்க. அப்பறம் பூச்செடி. அப்பறம் மரம். எங்க மொதலாளி சொன்னாரு, இன்னம் ஆழமாப் போனா நல்ல தண்ணி வருமுன்னு. போனாருங்க." "வந்துச்சுங்களா?" "கடலு வந்துச்சுங்க" என்றார். "அப்பறம் யாருக்காக இந்தப் பெட்ஷீட்டெல்லாம் மாத்தறீங்க?" என்று கேட்டேன். "எல்லாரும் வாரோமுன்னு சொல்லிட்டுத்தானுங்களே போனாங்க? சொல்லிட்டுப் போனவங்க வராமயா இருப்பாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் திரும்பித் துறைக்கு நடந்தேன். படகில் ஏறும்போது, பழக்க தோஷம், வாய் தவறி "செரிங்க, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரொம்பப் பணிவாக, "எந்த ரூமு போடட்டுங்க?" என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இவ்வளவு பார்த்த பிறகும் ஒருவன் என்ன செய்யக் கூடாதோ, அதைத்தான் நான் செய்தேன். ஏன் என்றால் நான் கொங்கு நாட்டுக்காரன். என் தாத்தா கிணறு தோண்டினார், என் அப்பா அதற்குள் போர் போட்டார், நீங்கள் வந்து அந்தப் போரை ஆயிரம் அடிக்கு இறக்கினீர்கள். தண்ணீர் இல்லையா, இன்னும் ஆழமாகப் போ. இதைத் தவிர வேறு எதையும் நம் ஆட்கள் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த ரிசார்ட் முதலாளிக்குப் போர் போடத் தெரியவில்லை, வேறொன்றும் இல்லை என்று ராத்திரியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெற்ற மகள் ஒரு பக்கெட்டில் குளித்துக்கொண்டிருக்க, அப்பன் மோட்டாரைக் கயிற்றோடு மூலையில் வைத்துவிட்டு வருவானா? மோகனப்பிரியா விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு பவளப் பாறை காட்டப் போயிருந்த பகலில், விடுதிக் கொல்லையில் கிடந்த குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி அடித்தேன். மணல்தானே, வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஏன் இவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்று யோசித்திருக்க வேண்டும். சூரிய வெளிச்சத்தில் ஓடுகிற கரண்டில் மோட்டாரை மாட்டி, சாமியைக் கும்பிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

கொட்டியது மாப்பிள்ளை! நம் காட்டில் இப்படிக் கொட்டிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. கையில் பிடித்துக் குடித்தேன், இனித்தது. தொட்டியை நிரப்பினேன், மற்றத் தொட்டியை நிரப்பினேன், செடிக்கு விட்டேன், வாசலுக்குத் தெளித்தேன், ஜமுக்காளத்தைக்கூடத் துவைத்துப் போட்டேன். மகள் வந்து பார்த்து "அப்பா!" என்று கட்டிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி நின்றிருந்தேன். அந்த நேரத்தில் மோட்டார்ச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு வெளியே ஊரே நின்றுகொண்டிருந்தது. எப்போது வந்தார்கள் என்று தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு டம்ளர்.

நான் மோட்டாரை நிறுத்தினேன். ஆமினா முதலில் வந்து டம்ளரை நீட்டினாள். கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்வது நம் வீடுகளில் உண்டா? வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், அதை மறுத்தால் அந்த வீட்டையே மறுத்த மாதிரி. வாங்கிக் குடித்தேன். கரித்தது. மீன்காரர் நீட்டினார், குடித்தேன். பள்ளிவாசல் பெரியவர் இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார், குடித்தேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி நீட்டினாள். அந்தக் குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு ஒரு டம்ளர், எல்லாம் ஒரே உப்பு. குடிக்கக் குடிக்க வரிசை குறைவதாகவே தெரியவில்லை. கடைசி டம்ளரைக் கொண்டுவந்தது மோகனப்பிரியா. எப்போது கரைக்கு வந்தாள் என்று தெரியவில்லை. அதை அவள் எனக்கு நீட்டவில்லை, அவளே குடித்தாள். "எத்தனை மழை சேத்து வெச்சிருந்த தண்ணீங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். என் ஐம்பத்தெட்டு வயசில் நான் அப்படிக் கூனிக் குறுகி நின்றதில்லை.

விருந்தாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடிக்க மழைத் தொட்டியில் கொஞ்சம் இருக்கிறது, ஊர் அதை அளந்து குடிக்கிறது. விடுதிக்குப் பூட்டு. ஊர்க்காரர்கள் என் மகளைப் போ என்று சொல்லவில்லை, அவளேதான் என்னிடம் சொன்னாள்: "தண்ணி திரும்பலீன்னா நான் இங்க இருக்கறது ஞாயமில்லீங்கப்பா. பொங்கலுக்குள்ள ஊட்டுக்கு வந்தர்றேனுங்க. மாமன் சொன்னபடியே செஞ்சுக்கறேன்." நான் எதற்குப் போனேனோ அந்தக் காரியம் முடிந்தது. அவள் அதைச் சொன்னபோது முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

இங்கே வந்தபிறகு டீ கரிக்கிறது. உங்கள் அக்காள் சர்க்கரை டப்பாவை என் கண் முன்னாலேயே டீயில் கவிழ்த்துக் காட்டிவிட்டாள், ஆனாலும் கரிக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் என் குழாயில் காற்று 'ஹ்ஹ்' என்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கிறது. இத்தனை வருஷமாக இது கேட்கவில்லையா, கேட்டும் நான் காது கொடுக்கவில்லையா என்று தெரியவில்லை. காலையில் கரண்டியை எடுத்துக்கொண்டு நாலு வீட்டுத் தண்ணீரை ருசி பார்த்துவிட்டு வருகிறேன். ஊருக்குள் பேச்சாகிவிட்டது. "ஏனுங்க, உங்களைக் கடல் காத்து கருப்பு அடிச்சிருக்குதுங்க" என்று உங்கள் அக்காள் மந்திரிக்கிற ஒரு ஆளிடம் கூட்டிப்போனாள். அந்த ஆள் சொம்பு சொம்பாகத் தண்ணீரை என் தலையில் ஊற்றவே, "வீணாக்காதடா பாவி, யாருக்கோ கரிக்கும்!" என்று நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேனாம். முற்றிவிட்டது என்று அவன் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

ஆக மாப்பிள்ளை, சொல்ல வந்தது இதுதான். பெண் வருகிறாள். நீங்கள் விரும்பியபடியே தை மாதத்தில் தேதி பாருங்கள், மண்டபம் பிடியுங்கள். கேட்கிறவர்களிடம் பெண்ணின் அப்பா சம்மதத்தோடு நல்லபடியாக அழைத்து வந்தார் என்று மட்டும் சொல்லுங்கள். தங்கச்சிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் பாலும் பருப்பும் பெருகட்டும், வாகனங்கள் பழுதில்லாமல் ஓடட்டும், பிள்ளை குட்டிகள் ஆயுசோடு இருக்கட்டும் என்று அக்காளும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
மருதாசலம்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மோகனப்பிரியாவின் போன் வந்தது. நிதீஷ் கம்பிரசர் வாங்கப் பெங்களூர் போயிருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது சரியல்ல. மருமகன் தீவில் இருக்கிறான். போட்ட போரை எப்படி மூடுவது என்று இவள் போனில் கேட்டிருக்கிறாள். "போன்ல சொன்னா வெளங்காது, நேர்லயே வந்தர்றேன்" என்று கிளம்பிவிட்டானாம். குழாயைப் பிடுங்கி, ஓட்டையை இங்கிருந்து கொண்டுபோன களிமண்ணும் அங்கத்து மணலும் இட்டு அடைத்து, அவனே கிணற்றுக்குள் இறங்கி மிதித்திருக்கிறான். அதன்பிறகு அங்கே விடாமல் மழை. ஆமினா நேற்றுக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டாளாம், ஊரே குடித்ததாம். முதலில் இரண்டு அறையை மட்டும் திறந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவள் பேசும்போது பின்னால் ஒரு சத்தமும் இல்லை மாப்பிள்ளை, அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்காக நிற்பது எனக்கு இங்கே தெரிந்தது. "அப்பா, நானு வரலீங்க. அவரும் வரலீங்களாமா" என்றாள். குரல் உடைந்து அழுதாள், சந்தோஷத்தில்தான். நானும் அழுதேன். "செரி கண்ணு" என்று சொல்லிவிட்டேன். ஆகவே மேலே தேதி பாருங்கள் என்று எழுதியது எதுவும் செல்லாது, மண்டபம் பிடிக்க வேண்டாம். பெண்ணுக்குத் தாய்மாமன், பையனுக்கு அப்பன், இரண்டும் நீங்களே, நீங்கள் இல்லாமல் அங்கே ஒரு கல்யாணச் சடங்கும் நடக்காது. உங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா?